அறளை என்று சொல்லிவிடுமுன்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பு இந்த மேடையில் கடைசியாக ஏறியது உயர்தர மாணவிகள் மன்ற விழாவில். நாடகத்தின் நடுவில் எங்களில் இருவர் வசனத்தை மறந்துபோனோம். திரைக்குப் பின்னால் நின்று அடியெடுத்துத் தந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே மறதியைப் பற்றிப் பேச எங்களுக்கு ஓரளவு தகுதி உண்டு என்றே நினைக்கிறோம்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அறளை. வயதான ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால், அடுப்பில் வைத்த சோற்றை மறந்துவிட்டால், "மனிசிக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது, அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகளைப் பற்றித்தான். இதை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம். ஏனெனில் அங்கேதான் நாங்கள் அவற்றைக் கேட்கத் தவறினோம்.

நாங்கள் மூன்று சகோதரிகள். மூவரும் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். ஒருவர் றொரன்ரோவில், ஒருவர் லண்டனில், வைத்தியரான மற்றவர் இங்கே அம்மாவின் பக்கத்தில். அப்பா காலமானதன் பின் அம்மா மச்சம் மாமிசத்தை அறவே விட்டார். பாலும் சளிப்பிடிக்கும் என்று விட்டார், பிளேன்ரீதான். பன்னிரண்டு வருடமாக நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை. நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல், அதுவும் நாலைந்து வருடம். இந்தத் துண்டுகளை எழுதியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே.

முதலில் கவனித்தவர் பக்கத்தில் இருந்தவர் அல்லர், றொரன்ரோவில் இருந்தவர். "அக்கா, ஒரு போன் கதைக்குள்ளயே மூண்டு தரம் 'பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் துவங்கீட்டுதோ' எண்டு கேட்டவ" என்றார். "எழுபது தாண்டினால் அப்பிடித்தான்" என்று பதில் போயிற்று. பிறகு சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது. தேவாரம் பாடும்போது இடையில் நின்றுவிடுவார். யாரோடும் அதிகம் பேசாமல் ஒரு மூலையில் இருக்கத் தொடங்கினார். அதையும் அப்பாவின் துயரம் என்றே எடுத்துக்கொண்டோம். 1995 ஒக்ரோபரில் செம்மணி வெளியால் நடந்துபோன இரவை, யார் எந்தப் பையைத் தூக்கினார்கள் என்பது வரை சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது தெரியாது.

ஒருநாள் கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர் அப்படியே சரிந்து விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. காலைக் கழுவிக் கட்டிய இளம் வைத்தியப் பிள்ளை ஒருத்தி, பயிற்சி முடித்து ஒரு வருடங்கூட ஆகாதவள், "அம்மம்மா, காலைச் சேர்த்து வைச்சுக்கொண்டு ஒருக்கா கண்ணை மூடுங்கோ பாப்பம்" என்றாள். அம்மா தள்ளாடினார். "எப்ப தொடக்கம் காலுக்குள்ள விறைக்குது?" என்று கேட்டாள். "அது ரெண்டு வருசமா, பஞ்சில நடக்கிற மாதிரி" என்றார் அம்மா. எங்களிடம் அவர் சொல்லவேயில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. இரத்தத்தில் விற்றமின் பி12 அளவு பார்த்தோம். சாதாரணமாக 200க்கு மேல் இருக்க வேண்டியது, 96 இருந்தது.

கண்ணை மூடினால் ஏன் விழ வேண்டும்? நம் கால்கள் எங்கே இருக்கின்றன என்ற செய்தியை முள்ளந்தண்டின் பின்பக்க நரம்புகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. அவை பழுதானால் கண்ணால் பார்த்துச் சமாளிப்போம். கண்ணை மூடியதும் அந்த ஊன்றுகோலும் போய்விடும். பி12 குறைவு முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, மின்கம்பியின் மேலுறை மாதிரி. அந்த உறையைக் கட்டவும் பேணவும் பி12 வேண்டும். உறை சிதைந்தால் செய்தி மெதுவாகும், பிறகு நின்றுபோகும். இதே பழுது மூளைக்குள் நடக்கும்போது அது மறதியாக, மந்தமாக, மனச்சோர்வாக, சிலரில் காரணமில்லாத கோபமாக வெளியே தெரியும். வீட்டுக்காரருக்கு அது "குணம் மாறிவிட்டது" என்று படும்.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 வெறும் 2.4 மைக்கிரோகிராம். ஒரு சீனிப் பரலைவிடச் சிறியது. ஆனால் அது மரக்கறி எதிலும் இல்லை. பக்ரீரியாக்கள் மட்டுமே அதை உண்டாக்கும். அங்கிருந்து விலங்குணவு வழியாக எங்களுக்கு வரும். மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர். முருங்கையிலையில் இரும்பும் போலேற்றும் நிறைய உண்டு, பி12 இல்லை. சாப்பிட்டாலும் வேலை முடியவில்லை. இரைப்பையின் அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய் அங்கேதான் உறிஞ்சப்படும். வயது போகப் போக இரைப்பையில் அமிலம் குறைகிறது. ஒமிப்பிரசோல் மேலும் குறைக்கிறது. மெற்போமின் கடைசி வாசலில் நின்று தடுக்கிறது. அம்மாவின் விடயத்தில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன, அதன் மேல் சைவ உணவு. ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான இருப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. மீனை விட்ட வருடத்தை எல்லோரும் மறந்துபோன பிறகுதான் கணக்கு வரும்.

மெற்போமின் நல்ல மருந்து. தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிற்பாட்ட வேண்டாம். அது பி12ஐக் குறைக்கும் என்பது புதிய செய்தியும் அல்ல. 2022 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதை எடுப்பவர்களில் குறைபாட்டுக்கான வாய்ப்பு உள்ளவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. நாங்களும் வாசித்திருந்தோம். வாசித்ததை அம்மாவின் துண்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தது, இரத்தச் சோகை இல்லை, அப்போ பி12 சரிதானே?" இதை வைத்தியர்களே சொல்வதுண்டு. நாங்களும் சொன்னோம். பி12 இல்லாவிட்டால் செங்குருதிக் கலங்கள் பெருத்து, எண்ணிக்கை குறைந்துபோகும் என்றுதான் புத்தகத்தில் படித்தோம். ஆனால் போலேற் தாராளமாகக் கிடைக்கும் உடலில் இரத்தம் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும்; நரம்பு சமாளிக்காது. இரும்புச் சத்துக் குறைவும் கூட இருந்தால் அது கலங்களைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும், முடிவில் சராசரி அளவு சரியாக இருப்பதுபோல அறிக்கையில் வரும். ஆகவே இரத்தச் சோகை இல்லை என்பது விடையாகாது. பி12 பார்க்காமல் போலிக் அமிலக் குளிசையை மட்டும் மாதக்கணக்கில் எடுப்பதும் நல்லதல்ல.

போலேற் என்றவுடன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. லூசி வில்ஸ், செல்ற்றனம் பெண்கள் கல்லூரியின் பழைய மாணவி. 1928 இல் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிப் பெண்கள் இரத்தச் சோகையால் இறப்பதற்கான காரணத்தைத் தேடினார். அவர்கள் சாப்பிட்ட ஏழைச் சாப்பாட்டையே எலிகளுக்கும் பின்பு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். குணப்படுத்தியது என்ன தெரியுமா? எங்கள் குசினி அலுமாரிகளில் இருக்கும் அதே மாமைற். அதில் இருந்த பொருள்தான் பிறகு போலேற் என்று அறியப்பட்டது. விடுதியில் இருந்த அக்காமார் பாணுக்கு மாமைற் பூசிச் சாப்பிட்ட நாட்களை நினைத்துச் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இன்னொரு பெண் டொறதி ஹொட்ஜ்கின். பள்ளியில் இரசாயனம் ஆண்களுக்கான பாடமாக இருந்த காலத்தில், அவருக்கும் இன்னொரு சிறுமிக்கும் மட்டும் அந்த வகுப்பில் இருக்க அனுமதி கிடைத்தது. பின்னாளில் கைவிரல் மூட்டுகள் வாதத்தால் கோணிப்போன நிலையிலும், எக்ஸ் கதிர்களைக் கொண்டு பி12 மூலக்கூறின் அமைப்பை 1950களின் நடுப்பகுதியில் கண்டறிந்தார். நடுவில் ஒரு கோபோல்ற்று அணு, அதைச் சுற்றி ஒரு கோலம். 1964 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. அம்மாவுக்குப் போட்ட ஊசிமருந்து செவ்விரத்தம்பூ நிறத்தில் இருந்தது. அந்தச் சிவப்பு அந்தக் கோபோல்ற்றைத் தாங்கிய மூலக்கூறின் நிறந்தான்.

ஊசி தொடங்கினோம். முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட ஒருநாள், பிறகு இடைவெளி விட்டு. ஒரு மாதத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது. மூன்றாம் மாதம் தேவாரம் முழுதாக வந்தது. போன் எடுத்தால் ஒரு கேள்வியை ஒருதரம் கேட்டார். கால்விரல் விறைப்பு மட்டும் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. புதிய பெயர்கள் மெதுவாகத்தான் நிற்கின்றன. இரண்டு வருடம் முந்திக் கேட்டிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கலாம். நரம்பு அதிக காலம் காத்திருக்காது. எங்களுக்கு அது இலேசாக விழுங்கக்கூடிய விடயமல்ல.

இனி மறுபக்கம். இது எல்லோருக்கும் நடக்கும் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் கிளினிக்குக்கு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை அவருடைய மகள் அழைத்துவந்தார். (எங்கள் பாடசாலை ஆசிரியை அல்லர், இப்போதே ஊகிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.) அவருக்கு பி12 சரி, தைரொயிட் சரி, எல்லாம் சரி. அவருக்கு இருந்தது அல்சைமர் நோய். மகள் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசிக்கு மேல் ஊசி போடுவித்தார். பயனில்லை. குறைபாடு இல்லாதவருக்கு பி விற்றமின் கொடுத்தால் நினைவு கூடும் என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. முழுக்க மீளக்கூடிய மறதி மொத்தத்தில் சிறு பங்கே. ஆனாலும் அந்தச் சிறு பங்கு யாருடைய தாய் என்பது பார்க்காமல் தெரியாது. இரத்தப் பரிசோதனையின் விலையை ஒரு நல்ல சேலையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூளையின் இரசாயனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் நினைவைக் கெடுக்கும் ஒரு பொருள் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கலாம். ஒரு நரம்பு அடுத்த நரம்போடு பேசுவது இரசாயனங்களால்தான் என்பதை 1921 இல் வெளியிட்டவர் ஒற்றோ லோவி. அவர் சொன்ன கதை சுவையானது. இரவு கனவில் பரிசோதனை ஒன்று தோன்றியதாம். எழுந்து தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் எழுத்தே தனக்கு விளங்கவில்லை, கனவும் மறந்துபோயிற்று. அடுத்த இரவு அதே கனவு வந்தது. இம்முறை எழுதி வைக்காமல் நேராக ஆய்வுகூடத்துக்கே போய், இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்து பார்த்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டியபோது வெளிவந்த திரவம் மற்ற இதயத்தையும் மெதுவாக்கியது. அதிலிருந்த பொருள் அசற்றைல்கோலின். 1936 இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே அசற்றைல்கோலின்தான் மூளையில் கவனத்துக்கும் புதியதை நினைவில் பதிப்பதற்கும் வேண்டியது. அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் கலங்கள் அழிகின்றன. டொனெப்பெசில் போன்ற குளிசைகள் எஞ்சியுள்ள அசற்றைல்கோலினைச் சிறிது நேரம் கூடத் தங்கவைக்கும்; நோயை நிறுத்தாது. இப்போது வீட்டுப் பெட்டியைத் திறப்போம். தடிமனுக்கும் கடிக்கும், சிலர் நித்திரைக்கும் வாங்கிப் போடும் பிரிற்றன், அதாவது குளோபெனிரமின், இந்த அசற்றைல்கோலினைத் தடுக்கும் மருந்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிற்றிப்ரிலினும் அப்படியே. இளம் மூளைக்குச் சற்றுத் தூக்கம், அவ்வளவுதான். எழுபத்தைந்து வயது மூளைக்கு அது குழப்பமும் விழுகையும். தினமும் இரவில் பிரிற்றன் போட்டுவந்த ஒரு அன்ரியின் குளிசையை மெல்ல நிறுத்தியதும், அவருடைய "அறளை"யில் பாதி போய்விட்டது. உங்கள் தாய்மார் என்னென்ன குளிசை போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். போத்தல், தாள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். வட்ஸ்அப் வீடியோவிலும் இதைச் செய்யலாம். எத்தனை வைத்தியர்கள் எத்தனை துண்டு எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நீங்களே அதிர்ச்சியடைவீர்கள்.

பி1 பற்றியும் ஒரு வார்த்தை. தீட்டிய பச்சையரிசியையே நம்பி வாழ்ந்த நாடுகளில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொன்றது. எங்கள் புழுங்கலரிசி அந்த வகையில் கெட்டிக்காரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று பி1 குறைவை நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் மதுவுக்கு அடிமையானவர்களில். அவர்கள் புதிய நினைவை அடியோடு இழந்து, இடைவெளியைத் தங்களை அறியாமலே கற்பனையால் நிரப்பிப் பேசுவார்கள். பொய் சொல்கிறார் என்று மனைவி சண்டை பிடிப்பாள். கர்ப்ப காலத்தில் வாரக்கணக்காக வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அது பலருக்குத் தெரியாது.

2024 இல் லான்செற் ஆணைக்குழு, மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளை வெளியிட்டது. அவற்றையெல்லாம் கவனித்தால் உலகில் உள்ள மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்களின் கணிப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது மெசினுக்கு வெட்கப்படும் தாய்மார் நம்மில் அதிகம். கேளாத காதோடு இருப்பவர் மறப்பதில்லை, முதலில் கேட்பதேயில்லை. பிறகு பேச்சே குறைந்து மூளைக்கும் வேலை குறைகிறது. அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது சிறுவயதில் கல்வி கிடைக்காமை. நூறு வருடத்துக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில் அப்போது தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை வைத்து டேவிட் ஸ்னோடன் 1986 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இளவயதில் மடத்தில் சேரும்போது அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் சில பத்திரமாக இருந்தன. ஒரு வசனத்துக்குள் கூடுதலான கருத்தை அடக்கி எழுதியவர்களில் அறுபது வருடம் கழித்து மறதிநோய் குறைவாக இருந்தது. கட்டுரை எழுதினால் நோய் வராது என்று இதற்குப் பொருள் அல்ல. நல்ல மூளை நல்ல கட்டுரை எழுதியிருக்கலாம். ஆனால் சிவப்பு மையால் எங்கள் கட்டுரைகளைக் கீறித் திருப்பித் தந்த தமிழ் ரீச்சர்மாரை இந்த ஆய்வை வாசித்தபோது நினைத்துக்கொண்டோம்.

தேநீர் வேளையில் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கேயே பதில் தருகிறோம். சைவத்தை விடச் சொல்கிறீர்களா என்றால், இல்லை. அம்மா இன்றும் சைவம். பாலும் தயிரும் சேர்த்திருக்கிறார், ஊசியும் தொடர்கிறது. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு 1000 மைக்கிரோகிராம் குளிசை உண்டு; அவ்வளவு கூடிய அளவில் நூற்றில் ஒரு பங்கு உள்ளகக் காரணி இல்லாமலே உள்ளே போய்விடும், அதுவே பலருக்குப் போதும். நரம்புப் பாதிப்பு இருந்தால் ஊசியில்தான் தொடங்க வேண்டும். விற்றமின் போத்தல் வாங்குவதற்கு முன் இரத்தம் எடுங்கள். பிறகு எடுத்தால் எண் உயர்ந்து நின்று ஏமாற்றும். மாமைற் போதுமா என்று கேட்ட அக்காவுக்கு: போத்தலின் லேபலைப் பாருங்கள், பி12 சேர்த்திருந்தால் எழுதியிருப்பார்கள், ஆனாலும் குறைபாடு வந்த பிறகு அது போதாது.

அம்மாவுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வைகாசியில் அந்தத் திகதி எங்கள் மூவருக்கும் மறந்துபோயிற்று. அவர்தான் போன் எடுத்து நினைவுபடுத்தினார்.